ஆள் விட்டுப் பார்த்த வைத்தியம்

மணியங்காட்டுப் புதூர்,
நாமக்கல் தாலுகா,
தாது வருஷம், தை மாதம்.

பம்பாய்ப் பட்டணத்தில் பஞ்சு மூட்டைகளின் மேல் கொலுவீற்றிருந்து, கம்பெனி துரைமார் கிடுகிடுக்க அரசு செலுத்திவரும் மகாராஜராஜஸ்ரீ அர்த்தநாரி அவர்களின் சமூகத்துக்கு, வாய்க்கால் பாயும் ஆறு ஏக்கருக்கும் ஒரு நொண்டிக் குதிரைக்கும் சக்கரவர்த்தியாகிய மாமன் சுப்பையன் அநேக ஆசீர்வாதம் செய்து எழுதுவது.

பெண்ணைக் கொடுத்த மாமனார் என்ற முறையில் உன்னை ‘நீங்கள்’ போட்டு எழுத வேண்டும். ஆனால் நீ என் அக்கா மகனாகப் பிறந்து, என் தோளிலே மூத்திரம் பெய்து வளர்ந்தவன். இந்தக் கடிதமே மூத்திரத்தைப் பற்றியது ஆகையால் ‘நீ’ என்றே எழுதுகிறேன்.

இங்கே எல்லோரும் சுகம். உன் பெண்டாட்டி சௌந்திரம் சுகம். குழந்தைக்குக் கீழ்ப்பல் இரண்டு முளைத்து, முதல் காரியமாக என் கட்டைவிரலைக் கடித்துப் பார்த்தது. வாய்க்காலில் தண்ணீர் இன்னும் ஓடுகிறது. கரும்பு ஆட்டம் நடக்கிறது. வெல்லம் காய்ச்சும் வாசனையில் ஊரே மயங்கிக் கிடக்கிறது.

உன் கடிதம் வந்தது. இராமாயணத்தை விட ஒரு பக்கம்தான் குறைவு. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாலும் நாக்கு வறள்கிறது, படுத்தால் எழுந்து எழுந்து வெளியே போக வேண்டியிருக்கிறது, சட்டைக்குள்ளே உடம்பைத் தேட வேண்டியிருக்கிறது, செருப்புக் கடித்த புண் தீபாவளி முதல் ஆறவில்லை என்று எழுதியிருக்கிறாய். இதையெல்லாம் நான் நாமக்கல் டாக்டரிடம் போய் எனக்கு வந்த நோவு மாதிரிச் சொல்லி, மருந்து வாங்கிப் பார்சலில் அனுப்ப வேண்டுமாம். சௌந்திரத்துக்குத் தெரியக் கூடாதாம். பம்பாயில் டாக்டரிடம் போனால் கம்பெனிக்குத் தெரிந்து, திடகாத்திரன் என்ற பேர் போய்விடுமாம்.

பம்பாயில் காக்கை பறந்தால் அதன் நிழல் ஏதாவது ஓர் ஆஸ்பத்திரி ஓட்டின் மேல் விழாமல் பறக்க முடியாது என்று கேள்வி. அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு, ஆயிரம் மைலுக்கு இந்தப் பக்கம் இருக்கிற என் நாடியைப் பிடித்து உனக்கு மருந்து கொடுக்கச் சொல்கிறாய். போன வருஷம் லீவில் வந்தபோது மயிலைக் காளைக்குக் கழுத்தில் வீக்கம் என்று சேலம் மாட்டாஸ்பத்திரிக்கு நீயே ஓட்டிக்கொண்டு போனாய். காளைக்குப் பதிலாகக் கன்றுக்குட்டியை அனுப்பினால் போதும் என்று அப்போது உனக்குத் தோன்றவில்லை. காளை விலை பெற்ற ஜீவன் அல்லவா!

இப்போது ஒரு விஷயம் சொல்கிறேன். உன் சின்ன மாமன், என் கூடப் பிறந்த அருணகிரி, காய்ச்சலில் போனான் என்றுதானே உனக்கு எழுதினோம்? அது பொய். அவனுக்குக் கட்டிக்கொடுக்க இரண்டு பெண்கள் இருக்கிறார்கள், வெளியே சொல்ல வேண்டாம் என்று அவன் பெண்டாட்டி முத்தாயம்மாள் காலில் விழாத குறையாகக் கேட்டாள். உனக்குச் சொல்லாமல் இருந்தால் அடுத்து உன்னைப் பற்றியும் காய்ச்சல் என்று யாருக்காவது எழுத வேண்டி வரும். அதனால் சொல்கிறேன்.

அருணகிரிக்கும் தாகம்தான் முதலில் வந்தது. கிணற்றில் இறைப்பதில் பாதி வயலுக்கு, பாதி அவனுக்கு. அவன் வேலியோரம் உட்கார்ந்து எழுந்த இடத்துக்கு எறும்புகள் பரமத்தியிலிருந்து படை திரட்டி வந்தன. அதை முதலில் பார்த்தவன் அவன் பண்ணையத்து ஆள் செங்கோடன். டாக்டரைப் பார்க்கலாமுங்க என்று அவன் தலையைச் சொறிந்தான். அருணகிரிக்குக் கோபம் வந்துவிட்டது. “எம்பட ஒடம்பை எவனோ தொட்டுப் பாக்கறதா? ஊருக்குள்ள சீக்காளின்னு பேரு வாங்கிட்டுத் திரியறதா?” என்றான். பிறகு ஒரு யோசனை உதித்தது. வரி கட்டச் செங்கோடன் போகிறான், கோர்ட்டுக்கு வாய்தா கேட்கச் செங்கோடன் போகிறான், துக்கம் கேட்கக் கூடச் செங்கோடன் போகிறான். டாக்டரிடமும் அவனே போனால் என்ன?

செங்கோடன் போனான். எசமான் சொல்லிக்கொடுத்த தாகம், எசமானுடைய இளைப்பு எல்லாவற்றையும் தன்னுடையதாக ஒப்பித்தான். டாக்டர் ஒரு குப்பியைக் கொடுத்துச் சிறுநீர் பிடித்து வரச் சொன்னார். அவனும் பிடித்து வந்தான், தன்னுடையதைத்தான். வேறு யாருடையதை அவன் பிடிப்பான்? டாக்டர் அதில் நாலு சொட்டை நீல மருந்தில் விட்டு விளக்கில் காய்ச்சினார். சர்க்கரை இருந்தால் நிறம் மாறுமாம். களியும் கீரையும் தின்று பத்து ஆள் வேலை செய்கிறவன் உடம்பில் சர்க்கரைக்கு என்ன ஜோலி? நீலம் நீலமாகவே நின்றது.

டாக்டர் முட்டாள் இல்லை. உனக்கு ஒன்றும் இல்லை, ஆனால் இந்த நோவைச் சொல்லி அனுப்பினவர் யாரோ அவரை உடனே கூட்டி வா என்று சொல்லியிருக்கிறார். செங்கோடன் ஓடி வந்து இரண்டையும் சொன்னான். அருணகிரி முதல் பாதியைக் காதில் வாங்கிக்கொண்டான். இரண்டாவது பாதிக்குச் செங்கோடன் கன்னத்தில் ஓர் அறை விட்டான், ரகசியத்தை உடைத்துவிட்டானாம்.

அன்றைக்கு ஆலைக் கொட்டகையில் பட்டாபிஷேகம். எனக்குச் சர்க்கரை இல்லை என்று டாக்டரே சொல்லிவிட்டார் என்று கொப்பரையிலிருந்து பாகை முகந்து முகந்து குடித்தான். வந்தவன் போனவனுக்கெல்லாம் கரும்புச்சாறு. எனக்கும் ஒரு சொம்பு கொடுத்தான். அந்த வெற்றி விழாவைப் பார்த்திருந்தால் தேவேந்திரன் பதவியை ராஜினாமாச் செய்திருப்பான்.

பங்குனியில் முதுகில் ஒரு கட்டி. மொச்சைக்கொட்டை மாதிரி இருந்தது, பிறகு தேங்காய் மூடி மாதிரி ஆகி, சல்லடையாகக் கண் கண்ணாகத் திறந்துகொண்டது. ராஜபிளவை என்றார்கள். நோயிலும் ராஜா இல்லாமல் அவனுக்குச் சரிப்படாது. சுட்ட வெங்காயம் வைத்தார்கள், ஊமத்தை இலை வைத்தார்கள், பச்சிலைக்காரன் எச்சில் துப்பி ஏதோ அரைத்து வைத்தான். நாற்றம் தாங்காமல் கட்டிலைத் தொழுவத்துக்கு மாற்றினார்கள். மாடுகள் தீனி எடுக்கவில்லை. முத்தாயம்மாள் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு கஞ்சி ஊட்டினாள். ஈ ஓட்டியது செங்கோடன், அறை வாங்கிய அதே செங்கோடன்.

கடைசியில் நானே வண்டி பூட்டிப் போய் டாக்டரைக் கூட்டி வந்தேன். அவர் முதுகைப் பார்த்தார். பிறகு செங்கோடனைப் பார்த்தார். “நீ சொன்ன நோவு இவருடையதுதானா?” என்று கேட்டார். “ஆமாங்க சாமி” என்று அவன் குற்றவாளி மாதிரி நின்றான். “இவர் தாமே வந்திருந்தால் இன்றைக்குக் கரும்பு வெட்டிக்கொண்டிருப்பார்” என்று சொல்லிக் கையைக் கழுவிக்கொண்டார்.

மறுநாள் அருணகிரிக்குப் பிதற்றல். நான் கட்டில் பக்கத்தில்தான் இருந்தேன். திடீரென்று கண்ணைத் திறந்து, “தடத்துல யாரோ வந்து நிக்கறாப்பல இருக்குது. செங்கோடா, நீ போயி என்னன்னு கேட்டுட்டு வா” என்றான். செங்கோடன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு போய்ப் பார்த்தான். வண்டித் தடத்தில் ஒருவரும் இல்லை. யாருமில்லைங்க சாமி என்று சொல்ல அவன் திரும்பி வந்தபோது, கேட்க ஆள் இல்லை.

பாவம் யார் தலையில் விடிந்தது தெரியுமா? இவன் தன் மூத்திரத்தைக் கொடுத்து எசமானைக் கொன்றுவிட்டான் என்று முத்தாயம்மாளின் அண்ணன் செங்கோடனை அடித்துத் துரத்தினான். இப்போது அவன் என் பண்ணையத்தில் இருக்கிறான். உன் கடிதத்தை அவனுக்குப் படித்துக் காட்டி, என்னடா, நாமக்கல்லுக்கு ஒரு நடை போய் வருகிறாயா என்று விளையாட்டாகக் கேட்டேன். பிறந்தது முதல் மாட்டேன் என்ற சொல்லை அறியாதவன், துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டான். “மாப்பிள்ளைச் சாமியையே போகச் சொல்லுங்க. நானு இனி யாருக்குப் பதிலும் போகமாட்டனுங்க” என்றான்.

நாங்கள் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் ஆகையால், அருணகிரியின் காரியம் முடிந்ததும் நானே குதிரை மேல் ஆரோகணித்து டாக்டரிடம் போனேன். குதிரை வழியில் படுத்துக்கொண்டது. பிறகு நடந்து போனேன். என் சொந்த மூத்திரத்தை என் சொந்தக் கையால் கொடுத்தேன். நீல மருந்து பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்தில் வந்து நின்றது. டாக்டர் எனக்கு அரிசிச் சோற்றுக்கு வேலி கட்டிவிட்டார். தினம் காலையில் கம்பவுண்டர் வந்து தொடையில் ஊசி போடுகிறார். முதல் ஊசிக்கு நான் போட்ட கூச்சலில் கொல்லிமலையில் இரண்டு பாறை உருண்டது. இப்போது சும்மா எறும்பு கடித்த மாதிரி. என்னைச் சீக்காளி என்று ஊர் சொல்கிறது. சொல்லிவிட்டு என் வீட்டு மோரையே குடித்துவிட்டுப் போகிறது. நான் சாகவில்லை, அதுதான் ஊருக்கு வருத்தம்.

போன வாரம் சௌந்திரம் உனக்கு அனுப்ப அதிரசம் சுட்டு ஒரு டின் நிறைய அடைத்து வைத்தாள். எடுத்துக்கொண்டு போய் வயற்காட்டில் காக்கைக்குப் போட்டேன். உன் பேரில் தின்று அவை இப்போதே பழகட்டும் என்றுதான். நான் தின்றுவிட்டதாக எண்ணி அவள் என்னோடு பேசவில்லை. உன் கைக்கடிகாரத்தை யாருக்குக் கொடுக்கலாம் என்றும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். உனக்கு அது ஓடிக்கொண்டிருந்தால் என்ன, நின்றால் என்ன?

அர்த்தநாரி, எனக்காக இன்றே கம்பெனியில் லீவு கேட்டுக்கொண்டு டாக்டரிடம் போ. காலைக் காட்டு. வெட்கப்படாமல் குப்பியைப் பிடி. என்ன சொன்னார் என்று உன் கையால் எழுது. மாசி பிறப்பதற்குள் அந்தக் கடிதம் வராவிட்டால், சௌந்திரத்திடம் எல்லாவற்றையும் சொல்லி, அவளையும் குழந்தையையும் ரயிலேற்றிக் கொண்டு வந்து உன் கம்பெனி வாசலில் இறக்குவேன். துரைமார் முன்னால் அவள் வைக்கிற ஒப்பாரியில் பஞ்சு விலை சரிந்துவிடும். பேர் போவதென்றால் முழுதாகப் போகட்டும்.

இன்னும் ஒன்றுதான் எழுத வேண்டும். அருணகிரி போன அன்று முத்தாயம்மாளுக்கு வெள்ளைச் சேலை கொண்டுவந்து போட்டது அவளுடைய பிறந்த வீடு. நம் பக்கத்து முறை அது. கணவன் வீட்டார் போடுவதில்லை, பெற்றவன்தான் போட வேண்டும். அப்பன் இல்லாததால் அவளுக்கு அண்ணன் போட்டான். சௌந்திரத்துக்கு அப்பன் இருக்கிறேன்.

இந்தப் பொங்கலுக்கு அவளுக்கு ஜலகண்டாபுரத்தில் அரக்குச் சேலை எடுத்தேன். உனக்குப் பிடித்த நிறமாம், கட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். காசை வாங்கிக்கொண்டு நெசவுக்காரர், அடுத்த வருஷத்துக்கு மகளுக்கு என்ன நிறம் நெய்து வைக்கட்டும் என்று வழக்கம் போலக் கேட்டார். எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அவருக்கு என்ன எழுதட்டும், சாமி? நூறு வயது இரு. நீயே போ.

இப்படிக்கு,
உன் மாமன்
சுப்பையன்