சிவப்பு முக்கோணமும் பென்சில் மதிப்பெண்ணும்

14 நவம்பர் 1996, வியாழன்

காலையிலிருந்து தூறல். பீளமேட்டில் பஸ் முக்கால் மணி தாமதம். நனைந்த செருப்போடு யுனிவர்சிட்டியில் நேர்முகத் தேர்வு. குழுவில் டீன், நான், இன்னும் இருவர்.

ஒரே ஒரு விரிவுரையாளர் இடம். ஆபத்தை மக்களிடம் எப்படி எடுத்துச் சொல்வது என்பதற்கென்றே ஒரு ஆள். பூச்சிமருந்து, அணை வெள்ளம், கெட்டுப்போன கிணற்றுத் தண்ணீர், எல்லாம் அவர் தலையில். பாடத்துக்குத் தமிழில் என்ன பெயர் என்று எங்களுக்குள்ளேயே தகராறு. ‘பேரு அப்புறம் வெச்சுக்கலாமுங்க, ஆளை மொதல்ல எடுங்க’ என்று டீன் முடித்தார்.

வந்தவர்கள்:
1. டில்லியில் படித்தவர். டை. அழகான ஆங்கிலம். டீனுக்கு அப்போதே பிடித்துவிட்டது.
2. மதுரைக்காரர். பதற்றம். மூன்று டம்ளர் தண்ணீர்.
3. மரகதம். கருமத்தம்பட்டி. அப்பாவுக்குத் தறி. முப்பது வயதுக்குள்.

ஆளுக்குப் பத்து நிமிடம் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். மரகதம் ஒரு போஸ்டரை விரித்தாள். ஏழு வருஷத்துக்கு முன் நான் எழுதி, துறை அச்சடித்து, மருந்துக் கடைகளில் எல்லாம் ஒட்டியது. பூச்சிமருந்து டப்பாவில் இருக்கும் முக்கோணத்தின் நிறத்துக்கு விளக்கம். உச்சியில் சிவப்பு, ‘மிகக் கடுமையான நஞ்சு’. அப்புறம் மஞ்சள், நீலம். அடியில் பச்சை, ‘லேசான நஞ்சு’. என் பெயர் அதில் கிடையாது. அவளுக்குத் தெரிய வழியில்லை.

‘உடுமலைப்பேட்டையில ஆறு கடையில நின்னு பார்த்தேனுங்க. இதைப் படிச்சுப்போட்டு, மேல இருக்கற சிவப்பையே குடுங்கன்னு கேக்கறாங்க. கடுமைன்னா புழுவுக்கு நல்லாக் கேக்கும்னு நெனச்சுக்கறாங்க. எச்சரிக்கையா எழுதினது, கடைசீல விளம்பரமாப் போச்சுங்க.’

டீன் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

மதிப்பெண்ணை முதலில் பென்சிலில் போட்டு வைப்பது எங்கள் வழக்கம். டீன் மனசு எந்தப் பக்கம் என்று தெரிந்த பிறகு, அழித்துப் பேனாவில் எழுதுவோம். வெட்கக்கேடுதான். ஆனால் இத்தனை வருஷமாக அப்படித்தான். மரகதத்துக்குப் பத்துக்கு நாலு போட்டேன். கோபத்தில் போட்டது. இங்கே மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

15 நவம்பர், வெள்ளி

மழை விட்டது. குடை ரிப்பேர்.

மதியம் டீன் கூப்பிட்டார். ‘டில்லிக்காரரையே போட்டரலாமுங்க. அந்தப் புள்ள நல்லாத்தான் பேசுது. ஆனா உங்களையே சபையில வெச்சு...’ மீதியைச் சொல்லவில்லை. மரியாதைக்காரர். திங்கள் காலைக்குள் பேனாவில் எழுதித் தர வேண்டும்.

அதே போஸ்டரின் மறுபதிப்பு ப்ரூஃப் என் மேஜையில். தொடவில்லை.

வீட்டில் சரோஜா, ‘என்னங்க, சோத்தைப் பெசஞ்சுட்டே உக்காந்திருக்கறீங்க?’ கதையைச் சொன்னேன். ‘சரி, அந்தப் புள்ள சொன்னது நெசமா பொய்யான்னு போய்ப் பார்த்தீங்களா?’ என்றாள். கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான், நேராக வலிக்கிற இடத்தில் கை வைப்பாள். பார்க்கவில்லை. ஏழு வருஷத்தில் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

17 நவம்பர், ஞாயிறு

உக்கடத்தில் எட்டு மணி பஸ். உடுமலையில் நல்ல வெயில். சந்தைப் பக்கம் ஒரு மருந்துக் கடை. உள்ளே சுவரில் என் போஸ்டர், ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டோடு.

வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு விவசாயி வந்தார். ‘ஏனுங்க, தக்காளியில புழு. எது நல்லாக் கேக்கும்?’ கடைக்காரர் போஸ்டரில் சிவப்பின் மேல் விரலை வைத்தார். ‘நாஞ் சொல்லலீங்க. படிச்சவங்களே போட்டிருக்கறாங்க பாருங்க, கடுமைன்னு.’

நடுவில் புகுந்தேன். அது ஆளையே சாய்த்துவிடும், பச்சை முக்கோணமே போதும் என்றேன். விவசாயி என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ரொம்பப் பணிவாக, ‘நீங்க எந்தக் கம்பெனிங்க?’

கம்பெனி இல்லை, யுனிவர்சிட்டி என்றேன். ‘அதுவும் யுனிவர்சிட்டிதானுங்களே’ என்று சுவரைக் காட்டினார். சிவப்பு டப்பாவை வாங்கிக்கொண்டு போயே விட்டார்.

கடைக்காரர் என்னைச் சமாதானப்படுத்தினார். ‘போன மாசம் ஒருத்தர் மருந்தடிச்சு மயங்கி உழுந்து, நாலு நாள் ஆஸ்பத்திரியிலங்க. பொழச்சுக்கிட்டாரு. வந்து மறுக்காவும் அதையேதான் வாங்கினாரு. அத்தனை பவருங்க!’

திரும்பும் வழியெல்லாம் மயங்கி விழுந்த அந்த ஆள் நினைப்பு. பெயர்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன். தப்பு என் மேல்தான். எழுதினேன், பாராட்டு வாங்கினேன், அத்தோடு மறந்துபோனேன். பொள்ளாச்சியில் பஸ் நின்றது. டீ குடிக்கப் பிடிக்கவில்லை.

18 நவம்பர், திங்கள்

பனி. தொண்டை கரகரப்பு.

நாலை ரப்பரால் அழித்தேன். பேனாவில் ஒன்பது. பத்துப் போட மனசு வரவில்லை, நானும் மனுஷன்தானே.

கூடவே ஒரு தாள். போஸ்டர் நான் எழுதியது, அந்தப் பெண் சொன்னது உண்மை, நேரில் பார்த்தேன் என்று. டீன் இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைத் துடைத்தார். ‘இதை ஃபைல்ல வெக்கோணுமாங்க?’

‘வெக்கோணுமுங்க.’

டீன் தாளை ஃபைலில் வைத்தார். குழுவில் மற்ற இருவரும் ரப்பர் தேடினார்கள்.

ப்ரூஃபை ரத்து என்று எழுதித் திருப்பி அனுப்பியாயிற்று. அச்சகக்காரருக்கு என் மேல் வருத்தம்.

12 டிசம்பர், வியாழன்

மறுபடி மழை. பல் வலி. கிராம்பு வாங்க வேண்டும்.

மரகதம் வேலையில் சேர்ந்தாள். அவளுக்கு மேஜை இன்னும் வரவில்லை, நூலகத்தில் உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் என் அறைக்கு வந்தாள். கையில் நோட்டு.

‘சார், மொதல் வேலையா அந்தப் போஸ்டரை எழுதினவரைப் பார்க்கோணுமுங்க. என்ன நெனச்சு எழுதினாருன்னு தெரிஞ்சா, அடுத்ததை ஒழுங்காச் செய்யலாம். இங்கதான் இருக்கறாருங்களா?’

‘நான்தான் அம்மணி’ என்றேன்.

முகம் வெளுத்துப் போயிற்று. எழுந்து நின்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

‘அய்யோ, மன்னிச்சுருங்க சார். தெரிஞ்சிருந்தாச் சொல்லியிருக்கவே மாட்டேனுங்க.’

இனி அவளுக்கு இங்கே எல்லோரையும் தெரிந்துவிடும். அப்புறம் யார் எழுதியதைத் தப்பென்று சொல்வாள்?