கொலுவுக்கு வந்தவள்

செப்டம்பர் 8, 2025 – திங்கள்

இன்று பாட்டு வகுப்புக்கு இரண்டே பேர். போன மாதம் உட்கார இடமில்லாமல் இடித்துக்கொண்டார்கள். எதிர்வீட்டுப் பத்மப்ரியாகூட வரவில்லை. "எக்ஸாம் மேடம்", "கோல்டு மேடம்" என்கிறார்கள். காலனி முழுக்க ஒரே நாளில் ஜலதோஷம் வருமா என்ன?

காரணம் தெரிந்ததுதான். டேங்கர் ஜெயராமின் ஆட்கள் எங்கள் தெருக்கோடி வால்வை மூடி மூடி வைப்பார்கள். குழாய் வறண்டால் அவனிடம்தானே தண்ணீர் வாங்கவேண்டும்! அதைத் திறக்க வந்த லைன்மேனை அவனும் ஆட்களும் கையொடிய அடித்ததை மொட்டை மாடியிலிருந்து பார்த்தேன். பக்கத்து வீட்டு நஸ்ரினும் பார்த்தாள். இருவரும் போலீஸில் சொன்னோம். அடுத்த மாதம் கோர்ட்டில் மாஜிஸ்ட்ரேட்டிடமும் சொல்லவேண்டுமாம். தெருவில் பாதிப் பேர் பார்த்தார்கள். கேட்டால் அன்று யாருமே ஊரில் இல்லையாம்.

செப்டம்பர் 13 – சனி

ஸ்கூட்டர் சீட்டைக் கிழித்துவிட்டார்கள். நான் வாசல் கதவைத் தாழ் போடப் போனேன். இவர் அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு, "எதுக்கு பயப்படறே? பை எங்கே, காய் வாங்கணும்" என்று கிளம்பிவிட்டார். இந்த மனுஷனைக் கட்டிக்கொண்டதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். அவரிடம் சொல்வதாக இல்லை.

செப்டம்பர் 17 – புதன்

எங்கள் இரண்டு வீட்டுக்கும் டேங்கர் கிடையாதாம். நஸ்ரின் ஆபீஸிலிருந்து காரில் கேன் கேனாகத் தண்ணீர் கொண்டுவந்து நம் வாசலிலும் இறக்குகிறாள். ஆம்பூர்ப் பெண், ஐ.டி. வேலை, இந்தத் தெலுங்கு ஊருக்கு வந்து மூன்று வருஷம்கூட ஆகவில்லை. நன்றி சொன்னால் "சும்மா இருங்க ஆன்ட்டி" என்று அதட்டுகிறாள். இப்படி அதட்ட ஒருத்தி கிடைத்தாளே!

செப்டம்பர் 25 – வியாழன்

கொலு வைத்து நாலு நாள். ஒரு ஈ காக்கை வரவில்லை. சுண்டலை நாங்களே தின்று தீர்க்கிறோம்.

இன்று சாயங்காலம் ஒருத்தி வந்தாள். ஜெயராமின் மனைவி சுஷ்மா! சிரித்த முகமாக, தெலுங்கும் தமிழுமாக, "மாஜிஸ்ட்ரேட்கிட்ட முகம் சரியா தெரியலேன்னு சொல்லிடுங்க மேடம். நாளைக்கே பிள்ளைங்க எல்லாம் கிளாஸுக்கு வரும்" என்றாள்.

"பார்த்ததைத்தான் சொல்லுவேன்."

எழுந்துவிட்டாள். என் கை தானாகவே போயிற்று. குங்குமம், வெற்றிலை பாக்கு, ரவிக்கைத்துணி எல்லாம் கொடுத்து வாசல்வரை போய் அனுப்பிவைத்தேன். கொலுவுக்கு வந்தவளை வெறுங்கையோடு அனுப்பிப் பழக்கமே இல்லையே.

செப்டம்பர் 26 – வெள்ளி

காலையிலேயே பிள்ளைகளின் அம்மாக்களிடமிருந்து போன் மேல் போன். "சமாதானம் ஆகிட்டீங்களாமே மேடம், சந்தோஷம்!" அந்த மகராசி தாம்பூலத்தைத் தெரு முழுக்கக் காட்டிக்கொண்டே போயிருக்கிறாள். இன்றைக்கே பிள்ளைகளை அனுப்புகிறார்களாம்.

அப்படியே விட்டுவிட்டால் என்ன? — ஒரு நிமிஷம் தோன்றியது. எல்லாக் குரலும் திரும்ப வந்துவிடுமே! அப்புறம், "சமாதானமெல்லாம் ஒண்ணும் இல்லை" என்று ஒவ்வொருத்தியிடமும் சொன்னேன்.

நஸ்ரின் மட்டும் போன் செய்யவில்லை. என்னைப்பற்றி என்ன நினைத்தாளோ? அவளும் பின்வாங்கிவிட்டால்? செருப்புகூடப் போடாமல் ஓடினேன். "வந்தவளுக்குக் குடுக்கணுமேன்னு குடுத்தேம்மா. நான் மாறலை."

"அது எனக்குத் தெரியாதா ஆன்ட்டி? போன வருஷம் எனக்கும் குடுத்தீங்கல்ல. இந்த வருஷம் கொலுவுக்கு வராம பயந்து உக்காந்திருந்தது நான்தான்" என்றாள். அப்போதே கூட வந்து, படி படியாகப் பொம்மை பார்த்து, சுண்டலை டப்பாவில் கட்டிக்கொண்டு போனாள். அவள் போனபிறகு நன்றாக அழுதேன்.

அக்டோபர் 2 – விஜயதசமி

புதுப் பாடம் தொடங்கும் நாள். பாய் விரித்தேன். யாரும் வரவில்லை, மிச்சமிருந்த அந்த இரண்டு பேரும்கூட.

அக்டோபர் 14 – செவ்வாய்

சொல்லிவிட்டோம். "பயமா இருக்கா?" என்று மாஜிஸ்ட்ரேட் அம்மா கேட்டார். "இருக்கு, ஆனா பார்த்தேனே" என்றேன். எனக்கு அடுத்து நஸ்ரின், கணீரென்று. வெளியே இவர் எங்கள் இருவருக்கும் சாயும் உஸ்மானியா பிஸ்கட்டும் வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார். நான் கொடுத்துவைத்தவள்தான்.

அக்டோபர் 24 – வெள்ளி

கைதான ஜெயராமுக்கு ஜாமீன் கிடைக்கவில்லை. குழாயில் தண்ணீர் வருகிறது. அவன் ஆட்கள் மட்டும் இன்னும் தெருமுனையில் நிற்கிறார்கள். எந்தத் தாய் பிள்ளையை அனுப்புவாள்? எனக்கு யார்மேலும் கோபமில்லை. சரி, கொஞ்சம் இருக்கிறது.

வகுப்பு நேரத்துக்குப் பழக்கதோஷத்தில் சுருதிப்பெட்டியைப் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். எதிர்வீட்டிலிருந்து சரளி வரிசை வந்தது. பத்மப்ரியா! இரண்டு வீடு தள்ளி இன்னொரு குரலும் சேர்ந்துகொண்டது. என் சுருதிக்குத்தான் பாடுகிறார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஆனால் அந்த ரிஷபம்! எவ்வளவு நேரம்தான் பொறுப்பது?

"பத்மப்ரியா! ரிஷபத்தை அவ்வளவு மேலே தூக்காதே!" தெருமுனைவரை கேட்டிருக்கும்.

அவள் அம்மா ஜன்னலுக்கு வந்தாள். சாத்தப்போகிறாள் என்றே நினைத்தேன். சாத்தியிருந்த இன்னொரு கதவையும் திறந்து, கொக்கி மாட்டிவிட்டு உள்ளே போனாள்.

அடுத்த தடவை ரிஷபம் சரியாக நின்றது.