மச்சான் காப்பாற்றிய வள்ளம்

14 ஜூன் 1968, வெள்ளி

மாரிக்குக் கரையேற்றி, பிறகு மாதக்கணக்காய் வெயிலில் காய்ந்த என் பாய்வள்ளத்தைப் புதன்கிழமை நானேதான் கரையோரத் தண்ணீரில் தாழ விட்டேன். நாலு நாள் ஊறினால் பலகைகள் பருத்து, ஒழுகும் இடைவெளிகள் தாமாக அடைபடும். ஞாயிறு மனைவியோடு குடாவைச் சுற்றி வருவதாக ஏற்பாடு.

இன்று வேலை விட்டு வந்து பார்த்தால், வள்ளம் மணலில் கவிழ்ந்து வெயில் காய்கிறது. பக்கத்தில் நனைந்த சாரத்தோடு மனைவியின் அண்ணன். ஈச்சிலம்பற்றில் வயல் செய்கிறவர்.

“மச்சான், உங்கட வள்ளம் தாண்டு போச்சு! காலமை வந்த நேரம் தொடக்கம் தனிய நிண்டு இறைச்சு, இழுத்துப் போட்டனான். இனிப் பயமில்லை, நல்லாக் காய்ஞ்சிட்டுது.”

வள்ளத்தை நான் வாங்கிய அன்று “விறகுக்கு ஆகும்” என்று சொன்ன அதே மனிதர். இரண்டு உள்ளங்கையிலும் கொப்புளம். வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு, “நல்லகாலம், நீங்கள் வந்தனீங்கள்” என்றேன்.

இரவுச் சாப்பாட்டில் இரண்டு தரம் “எங்கட வள்ளம்” என்றார். ஞாயிறு போனால் போகட்டும்.

குசினியில் பாத்திரம் கழுவிய மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள்: “திரும்ப எப்ப தாழ விடப்போறியள்?”

“உன்ர அண்ணர் பஸ் ஏறட்டும்.”