நேரில் வந்து சொல்லாத அழைப்பு

செப். 22, திங்கள்
வெயில். பரளச்சியைத் தாண்டி உள்ளே ஒரு ஊர். கிராம சபைக் கூட்டம் நடக்கவில்லை. தெற்குத் தெருவுக்குக் குடிதண்ணீர்க் குழாய் நீட்டத் தீர்மானம். நூறு பேர் வேண்டும். வந்தது பதினொரு பேர்.
போஸ்டர், வீடியோ, வாட்ஸ்அப் எல்லாம் நான் செய்ததுதான். ஊர் முழுக்கப் போயிருக்கிறது. பதிலுக்கு வரிசையாகக் கைகூப்பும் படங்கள்.
எங்கள் யூனியன் ஆபீஸ் பி.டி.ஓ. அம்மா: "கும்புடு போட்டவுகளக் கணக்குல சேக்க முடியாது தம்பி." ஞாயிறு மறுபடி கூட்டம். அன்றும் ஆள் சேராவிட்டால் குழாய் வேறு ஊருக்கு.
வீட்டுக்கு வந்து பார்சல் பரோட்டா. டிவி போட்டேன். என்ன ஓடியது, தெரியாது.

செப். 23, செவ்வாய்
தெற்குத் தெரு. லாரித் தண்ணீருக்குக் குடம் வைத்து நின்ற அக்காவிடம் கேட்டேன்.
"மெசேஜ் வந்துச்சாக்கா?"
"வந்துச்சு. பாத்தேன்."
"பெறகு ஏன் வரல?"
"யாரும் கூப்புடலையே."
"அதுதான்க்கா கூப்புட்டது."
"செல்லுல தட்டிவிட்டா ஆச்சா? வாசல்ல வந்து வாங்கன்னு ஒரு வார்த்த சொல்ல வேணாம்?"
பக்கத்தில் இன்னொருத்தி: "ஏத்தா, தம்பி கம்ப்யூட்டரு படிச்சவரு. கதவத் தட்டத் தெரியாதுல்ல."
சிரித்தார்கள். நானும்.
வண்டியை எடுக்கும்போதுதான் உறைத்தது. என் மனைவி செல்வியின் பதினாறாம் நாள் காரியத்துக்கும் இதையேதான் செய்தேன். அவள் படம், மண்டபம், லொகேஷன். ஒரே அழுத்து. பாதி இலை மிச்சம். பரளச்சியில் இருக்கிற அவள் அண்ணன் வரவே இல்லை. ஐந்து மாதமாக அவர்மேல் கோபத்தில் இருக்கிறேன்.

செப். 25, வியாழன்
மேகம். மழை இல்லை. வீடு வீடாகப் போய்க் கூப்பிடுகிறேன் என்றேன். பி.டி.ஓ. அம்மா, "போங்க" என்றார்.
ஒரு சந்தேகம். சாவு வீட்டுக்காரன், வருஷம் திரும்பவில்லை. அடுத்தவர் வாசல் ஏறிக் கூப்பிடலாமா? குடத்து அக்காவிடமே கேட்டேன்.
"தண்ணிக்குத்தான கூப்புடுறீக? கல்யாணத்துக்கா? வாங்க."

செப். 26, வெள்ளி
மூன்று தெரு. நாய் இரண்டு. மோர் ஐந்து வீட்டில். ஒருவர் பழைய மனுவை எடுத்துக் காட்டிக் கத்தினார். கேட்டுக்கொண்டேன். கடைசியில், "வாரேன்" என்றார்.
ஒரு வீட்டில், "சம்சாரம் எந்த ஊரு?"
"பரளச்சி."
"அடுத்தாப்புல வரயில கூட்டிட்டு வாங்க."
சரி என்று சொல்லிவிட்டேன்.

செப். 28, ஞாயிறு
நூற்று இருபத்து மூன்று கையெழுத்து. குழாயை எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பது என்று ஒரு மணி நேரம் சண்டை. தீர்மானம் நிறைவேறியது.
எல்லாரும் எழுந்து போன பிறகு நாற்காலிகளை அடுக்கினேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. செல்லை எடுத்தேன், உள்ளே வைத்தேன்.
திரும்பும் வழியில் பரளச்சியில் நிறுத்தினேன். மச்சான் வீடு. அவர் மனைவிதான் இருந்தார்.
"பதினாறுக்கு நேர்ல வந்து சொல்லல. தப்புத்தான். வருஷத் திதிக்குக் கூப்புட வந்தேங்க்கா."
"அதுக்கு இன்னும் ஏழு மாசம் கெடக்கே."
"ஆமாக்கா."
உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். குடித்ததும் செம்பை வாங்கிக்கொண்டார்.
"உங்க மச்சான் டவுனுக்குப் போயிருக்காக. எங்கிட்டச் சொன்னா அது சொன்னதாகாது தம்பி. அவுக இருக்கையில வாங்க."
எப்போது இருப்பார் என்று கேட்டேன். காலையில் ஏழு மணிக்குள் என்றார்.