வரிசையில் ஒன்பதாவது

செப்டம்பர் 9, திங்கள்

உலக மக்கள் அனைவருக்கும் ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவிப்பது: இன்று காலை பத்தேகால் மணிக்கு எங்கள் அறுவடை இயந்திரம் பேச்சை நிறுத்திக்கொண்டது. துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் ஸ்பேனரோடு வரவும்.

மக்காச்சோளம் முற்றி நிற்கிறது. வெள்ளிக்கிழமை மழையாம். வண்டியின் திரையில் சிவப்பாக ஏதோ ஓர் எண். கம்பெனிக்காரன் மடிக்கணினியைச் செருகி அதை அழித்தால்தான் வண்டி நகரும். வண்டி எங்களுடையது, சோளம் எங்களுடையது, அனுமதி மட்டும் அவனுடையது. வெட்கங்கெட்டவர்கள்!

செப்டம்பர் 10

முன்பு கடைத்தெருவிலேயே டீலர் கடை இருந்தது. அப்பா போன் போட்டால் கிரீஸ் மாமா (மெக்கானிக், முழங்கை வரை கிரீஸ்) சாப்பிட்ட கை காய்வதற்குள் வந்து நிற்பார். பெரிய கம்பெனி ஒன்று சுற்றுவட்டாரத்துக் கடைகள் ஆறையும் விழுங்கி, ஐந்துக்குப் பூட்டுப் போட்டுவிட்டது. இப்போது ஆறு ஊருக்கும் ஒரே வேன், ஒரே கிரீஸ் மாமா.

அப்பா நாற்பது நிமிடம் போனில் இசை கேட்டார். பிறகு ஒரு பெண் குரல்: "சார், உங்க அழைப்பு எங்களுக்கு ரொம்ப முக்கியம். வரிசையில நீங்க ஒன்பதாவது."

"நான் என்ன முடிவெட்டிக்கவாம்மா வந்திருக்கேன்?"

மறுபடி இசை.

செப்டம்பர் 11

இன்றும் ஒன்பது. அம்மா வானத்தைப் பார்க்கிறாள். அப்பா போனைப் பார்க்கிறார். கம்பெனி எங்களைப் பார்ப்பதாக இல்லை.

செப்டம்பர் 12

பழிவாங்கும் படலம்! அக்காவின் போனில், முதலாளிக் குரலில் நான்: "வண்டியில புகை வருதும்மா! பக்கத்துலயே டீசல் டேங்க்!"

"பதறாதீங்க சார், இப்பவே அனுப்பறோம்."

புகை என்றால் வரிசையே கிடையாது! முகவரி? அறுபது கிலோமீட்டர் தள்ளி, மூடிக் கிடக்கும் செங்கல் சூளை. கம்பெனியின் காதில் முழக்கணக்கில் பூ. என் மூளைக்கு நானே கை கொடுத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 13

மழை.

செப்டம்பர் 14

பாதிச் சோளம் சாய்ந்துவிட்டது. கிரீஸ் மாமா வந்தார். செருகினார். நாலே நிமிடம் — வண்டி உறுமியது.

"அண்ணே, வியாழக்கிழமையே கம்பெனிக்குத் தெரியாம இங்கதான் வேனைத் திருப்பினேன். உங்க வீட்டு கேட்டு கண்ணுக்குத் தெரியுது, அதுக்குள்ள அவசரம்னு போன். எங்கயோ புகையாம். போய்ப் பார்த்தா செங்கச் சூளை. நாய் ஒண்ணு படுத்திருக்கு, அவ்ளோதான்."

"எவன் அவன்?" என்றார் அப்பா.

நான் டயரை மிகுந்த அக்கறையோடு துடைத்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 15

சொல்லிவிட்டேன். அப்பா அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். இதை மட்டும் கேட்டார்:

"புகைன்னு சொன்னா பறந்து வருவாங்கன்னு தோணுச்சுல்ல? அந்த மூளைக்கு நம்ம வீட்டு விலாசத்தைக் கொடுக்கணும்னு ஏன்டா தோணல?"

கம்பெனியை இன்னும் திட்டுகிறேன். பாதிக் குரலில்தான்.

தோணல. சத்தியமா தோணவே இல்ல.