மீன் பொரியலும் வாடகையும்

எசன், ஜேர்மனி. செவ்வாய்க்கிழமை இரவு.

வாடகையைக் கூட்டுறன் எண்டு வீட்டுக்காரன்ர கடிதம் வந்த அண்டைக்கே நான் மீன் பொரிக்கிறதை விட்டிட்டன். மணம் பிடிக்காமல்தான் எங்களைக் கிளப்பப் பாக்கிறான் எண்டு நினைச்சன். இவர் ஒண்டும் கேக்கேல்லை. பருப்பும் சோறும் சாப்பிட்டார்.

இவருக்கு வேலை போனதில இருந்து எங்கட வாடகையை, வேலையில்லாத ஆக்களுக்கு அரசாங்கக் காசு குடுக்கிற ஜொப்சென்டர்தான் கட்டுது. கூட்டினதைக் கட்ட ஏலாது எண்டு சொன்னால் எங்க போறது? அந்தப் பயத்தோடதான் இண்டைக்கு அவை நேரம் குறிச்சுத் தந்த டெர்மினுக்குப் போனன். கடிதத்தைப் பாத்த, அங்க வேலை செய்யிற பிள்ளை, "இது நாங்கள் குடுக்கிற வாடகை அளவுக்குள்ளதான், நாங்கள் கட்டுவம்" எண்டாள்.

வெளியில வந்தால், எங்கட கீழ்வீட்டு ஜேர்மன் மனிசியும் அதே கடிதத்தோட இருக்கிறா. கட்டிடம் முழுக்கக் கூட்டியிருக்காம். மீனையே தொடாத மனிசி! "கன நாளா உங்கட வீட்டில இருந்து பொரியல் மணம் வரேல்லை, சுகமில்லையோ?" எண்டு கேட்டா. எனக்குச் சிரிப்பை அடக்க ஏலாமல் போச்சு.

வாற வழியில விளைமீன் வாங்கினன். ஜன்னலைத் திறந்துவிட்டுத்தான் பொரிச்சன். இனியும் கூட்டினால் அளவுக்குள்ள நிக்குமோ தெரியேல்லை. அதை அப்ப பாப்பம். இவர் இண்டைக்கும் ஒண்டும் கேக்கேல்லை. முள்ளைக்கூட மிச்சம் விடேல்லை.