அலோசியஸ் அண்ணனின் அட்டை

டிக்கோயா
4.3.1962

அன்புள்ள சுகிர்தம் அண்ணிக்கும் பிள்ளை மார்கிரட்டுக்கும் செல்லசாமி எழுதிக்கொள்வது. நெருப்புக்காய்ச்சலில் ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து, இப்போதுதான் எழுந்து நடக்கிறேன். நாளைக்குத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போக வேண்டும். உங்கள் சுகத்தை விசாரிக்க எனக்கு முகமில்லை.

உங்கள் கடிதம் நேற்றுக் கிடைத்தது. டவுன் நூல்நிலையத்திலிருந்து அண்ணன் பெயருக்கு வந்த தபாலட்டையை இங்கேயிருந்து விலாசம் மாற்றி நீங்கள் இப்போது இருக்கும் சிலாபத்துக்கு அனுப்பிவிட்டார்களாமே. ஜனவரி பதின்மூன்றாம் திகதி எடுத்த புத்தகம் இன்னும் திரும்பி வரவில்லை என்று பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா வாசித்துச் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். போன ஜூலையில் ஆற்றுவெள்ளம் கொண்டுபோனவர் ஜனவரியில் எப்படிப் புத்தகம் எடுப்பார், உடம்பு கிடைக்காததற்கு இதுதானே காரணம் என்று கேட்கிறீர்கள். கறுப்புச் சேலையை மடித்து வைத்துவிட்டீர்களாம். பத்தாம் திகதி சனிக்கிழமை பிள்ளையோடு ரயிலேறி வந்து நூல்நிலைய வாசலில் நிற்கப் போகிறீர்களாம்.

அண்ணி, அந்தப் புத்தகத்தை எடுத்தது நான்.

எங்கள் புத்தகப் பைத்தியம் உங்களுக்குத் தெரியாததா? கோயில் அலமாரி, சங்கத்து வாசிகசாலை, பைஸர் நானா கடையில் பொட்டலம் மடிக்க வைத்திருந்த பழைய சஞ்சிகைகள், எதையும் நாங்கள் விட்டுவைக்கவில்லை. சிங்களம் படிக்கத் தொடங்கிய பிறகு டவுன் நூல்நிலையம் மட்டும்தான் மிச்சம். அங்கே அட்டை கேட்டால் வாக்காளர் இடாப்பில் பெயர் வேண்டும் என்றார்கள். அண்ணனுக்குப் பிரஜாவுரிமை கிடைத்திருந்தது. எனது மனு தள்ளுபடியாகிவிட்டது. அட்டை அவருடையது, படிப்பது இருவரும். ஆற்றைக் கடக்கப் போன அன்று காலையிலும், மழையா இருக்கு, நான் வர நேரமாகும், நீ போயி புஸ்தகத்த எடுத்துக்கிட்டு வா தம்பி என்று சொல்லித்தான் அட்டையைத் தந்தார்.

பிறகு அதைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. புத்தக ஆசைதான், வேறென்ன சொல்ல? அங்கே புத்தகம் கொடுக்கப் புதிதாக வந்த சிங்கள ஐயாவுக்கு அண்ணன் முகம் தெரியாது. மரியாதையாக அலோசியஸ் மாத்தயா என்று என்னைக் கூப்பிடுவார், நானும் திரும்பிப் பார்ப்பேன். அண்ணனைப் போலவே கடைசி எழுத்தின் வாலை நீட்டிக் கையெழுத்துப் போடுவேன். சில சனிக்கிழமைகளில் அலமாரிக்குப் பின்னால் ஈரச் சப்பாத்து நடக்கிற சத்தம் கேட்கும். போய்ப் பார்த்தால் ஒருவரும் இருக்க மாட்டார்கள். பயந்தேன், ஆனாலும் அடுத்த சனிக்கிழமை போனேன்.

ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் இருந்த அழகுமுத்து சொல்லித்தான் மற்றது தெரியும். காய்ச்சல் ஏறியிருந்தபோது சிங்கள நர்ஸ் பெயரைக் கேட்டாளாம். நான் நல்ல சிங்களத்தில், என் பெயர் அலோசியஸ், தண்ணீர் ஏறுகிறது, என்னைக் கரைக்குக் கூப்பிடுங்கள் என்றேனாம். அந்தப் பாஷையில் நான் வேறு பெயர் சொல்லிப் பழகவில்லை. அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

நேற்றே போய்ப் புத்தகத்தைக் கொடுத்து உண்மையையும் சொல்லிவிட்டேன். அண்ணன் இறந்துவிட்டார் என்பதைச் சிங்களத்தில் அப்போதுதான் முதல்முறையாகச் சொன்னேன். அந்த ஐயா நூல்நிலைய இடாப்பில் அண்ணன் பெயரை வெட்டிவிட்டு, இத அவர் சம்சாரத்துக்கு அனுப்புங்க என்று அட்டையை என்னிடமே தந்தார். இனி எனக்கு அங்கே வேலையில்லை.

அட்டையை இதோடு வைத்திருக்கிறேன். அதில் இருப்பது அண்ணனே போட்ட கையெழுத்து.

சனிக்கிழமை வராதீர்கள், அண்ணி. பிள்ளையை அந்த வாசலில் நிறுத்தாதீர்கள். அலோசியஸ் என்று கூப்பிட்டபோதெல்லாம் அங்கே திரும்பிப் பார்த்தவன் நான்தான். அந்தச் சனிக்கிழமையே கோயிலில் அவருக்குப் பூசை ஒப்புக்கொடுங்கள். பூசை யாருக்கு என்று பாதர் கேட்டால் அண்ணன் பெயரைச் சத்தமாகச் சொல்லுங்கள். இத்தனை நாளும் அதை நான் வைத்திருந்தேன். திருப்பித் தருகிறேன், வாங்கிக்கொள்ளுங்கள்.

மன்னிப்பை வேண்டி நிற்கும்,
செல்லசாமி